கரும்பலகையில் ஒரே ஒரு பெயர்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பு லீடர். போன மாதம் ஒரு நாள், வகுப்பாசிரியை ஆபீஸ் வரை போய்விட்டு வருவதற்குள் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் ஒரே ஒரு பெயர். அது என் மகளுடைய பெயர். “எல்லாரும்தான் பேசினாங்க மிஸ். நானும் பேசினேன். மத்தவங்க பேரை எழுத மாட்டேன்” என்றிருக்கிறாள். இரண்டு பீரியட் வெளியே நிற்க வைத்தார்கள். லீடர் பொறுப்பும் போய்விட்டது. இப்போது மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், இவள் எழுத மாட்டேன் என்கிறாள். அந்த வாரம் அவள் படித்துக்கொண்டிருந்தது ‘தி கிவ்வர்’ என்ற ஆங்கில நாவல். அதற்கு முன்னால் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. “இந்த மாதிரி புத்தகம்தான் பிள்ளையைக் கெடுக்குது” என்கிறார் ஆசிரியை. என் மாமியாரும் அதையே சொல்கிறார். “ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே” என்கிறார் கணவர். புத்தகங்களை எடுத்து ஒளித்து வைக்கட்டுமா? கடிதம் எழுதச் சொல்லி வற்புறுத்தட்டுமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறாம் வகுப்பில் நானும் லீடர்தான். ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே கோடு இழுத்து, பெயர்களை வரிசையாக எழுதுவேன். அடங்காதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அப்புறமும் அடங்காவிட்டால் இன்னொன்று. மிஸ் வருவதற்குள் ஒரு தேன்மிட்டாய் கைமாறினால் பெயர் அழிந்துவிடும். நான் செய்த முதல் ஊழல் அது. அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரிப்பும் பிறகு கொஞ்சம் வெட்கமும் வந்தது.

பள்ளி நூலகராக இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. ‘புத்தகம் படித்துப் பிள்ளை கெட்டுவிட்டது’ என்ற புகார் வருடத்துக்கு ஒன்றாவது வரும். முன்பு காதல் கதைகள் மேல் வந்தது, அப்புறம் பேய்க் கதைகள் மேல். இப்போது இந்த வகை நாவல்களின் முறை: ஊரே ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாய்மூடிக் கிடக்கும், ஒரு பிள்ளை மட்டும் ‘ஏன்?’ என்று கேட்கும். புகார் சொல்ல வருகிறவர்கள் அநேகமாகப் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். நீங்களும் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்திருந்தால் அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள்.

‘தி கிவ்வர்’ 1993-ல் வந்தது. எழுதியவர் லோயிஸ் லௌரி. அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரப்படும் நியூபெரி பதக்கம் அடுத்த வருடமே அதற்குக் கிடைத்தது. கதை நடக்கும் ஊரில் பசி கிடையாது, சண்டை கிடையாது, நிறங்கள்கூடக் கிடையாது. யார் யாரோடு வாழ்வது, எந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போவது, பன்னிரண்டு வயதானதும் என்ன வேலை பழகுவது, எல்லாவற்றையும் மூத்தோர் குழு தீர்மானித்துவிடும். எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். வகுப்புக்குத் தாமதமாக வருகிற பையன் எழுந்து நின்று, இன்ன காரணத்தால் தாமதம், மன்னியுங்கள் என்று வழக்கமான வாக்கியத்தைச் சொல்வான். மொத்த வகுப்பும் ஒரே குரலில் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லும். நம் பிள்ளைகள் ‘குட் மார்னிங் மிஸ்’ என்று ராகம் இழுப்பார்களே, அதே மாதிரி. அங்கே யாரும் உண்மையில் வருந்துவதுமில்லை, உண்மையில் மன்னிப்பதுமில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் போய் ‘ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வா’ என்றால் அவள் கண்ணுக்கு அந்த ஊர்தானே தெரியும்? அவள் மறுப்பதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். வெறும் வாய் வார்த்தையாக மன்னிப்புக் கேட்பது எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் பார்த்திருக்கிறாள்.

அதே நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு சின்ன இடம் வருகிறது. ஆஷர் என்றொரு பையன். மூன்று வயதில் தின்பண்டம் கேட்கும்போது ‘ஸ்நாக்’ என்பதற்குப் பதில் ‘ஸ்மாக்’ என்று சொல்லிவிடுகிறான். ஸ்மாக் என்றால் அடி. அவன் அடி என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் பிரம்பால் ஓர் அடி விழுகிறது. குழந்தை திரும்பத் திரும்பத் தப்பாகவே சொல்கிறது, திரும்பத் திரும்ப அடி விழுகிறது. கடைசியில் அவன் பேசுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிடுகிறான். இந்தக் கதையைப் பல வருடம் கழித்து ஊர்த் தலைவி மேடையில் ஒரு தமாஷாகச் சொல்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. முதல் தடவை படித்தபோது நானும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன். அரைப் பக்கம் தாண்டியதும்தான், எதற்குச் சிரித்தோம் என்று உறைத்தது. இந்த வகைக் கதைகளில் நல்லவை இதைத்தான் செய்யும். ‘எதிர்த்துப் பேசு’ என்று பாடம் நடத்தாது. நீ எங்கெங்கே கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறாய் என்று உனக்கே காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியை சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லையென்று நான் மழுப்பப்போவதில்லை. கதைகள் தாளோடு நிற்பதில்லை. ‘ஹங்கர் கேம்ஸ்’ 2008-ல் வந்த நாவல். அதில் வருடா வருடம் பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து மாவட்டத்துக்கு இருவராக, 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரை ஒருவர் கொல்ல விடுவார்கள். தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று நாயகி முன்வருகிறாள். கைதட்டச் சொல்கிறது மேடை, கூட்டத்தில் ஒருவர்கூடத் தட்டுவதில்லை. அப்புறம் ஒவ்வொருவராக மூன்று விரலை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறார்கள். அந்த ஊரில் அது நன்றிக்கும் மரியாதைக்கும் பிரிவுக்குமான பழைய சைகை. எப்போதாவது இழவு வீட்டில் காட்டுவது. 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் அந்த மூன்று விரலைத் தூக்கினார்கள். கைது செய்வோம் என்று ராணுவம் எச்சரித்தது. 2020 ஆகஸ்டில் அங்கே பள்ளி மாணவர்கள் காலையில் கொடிக்கம்பத்தின் முன்னால் தேசிய கீதம் ஒலிக்கும்போது மூன்று விரலைத் தூக்கி நின்றார்கள். பள்ளிகளின் முடிவெட்டு விதிகளும் அவர்களுடைய குறைகளில் ஒன்று.

ஹாங்காங்கில் இன்னும் மோசம். ஆடுகள் தங்கள் கிராமத்தை ஓநாய்களிடமிருந்து காக்கிற படக்கதைப் புத்தகங்கள் போட்டதற்காக, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் ஐந்து பேருக்கு 2022-ல் தேசத்துரோகக் குற்றத்தின் பேரில் ஆளுக்கு 19 மாதம் சிறை. ஆட்டுக் கதைக்குப் பத்தொன்பது மாதம்! பிள்ளைகள் படிக்கிற கதையைப் பார்த்துப் பெரியவர்கள் பயப்படுவது ஈரோட்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை.

சரி, தாய்லாந்திலிருந்து உங்கள் மகளின் வகுப்புக்கு வருவோம். அந்த மிஸ் சர்வாதிகாரி இல்லை. ஒரே அறையில் நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் ஓடி, வந்து பாடத்தையும் முடிக்க வேண்டியவர். போர்டில் பெயர் எழுத வைப்பது அவர் கண்டுபிடித்ததும் அல்ல, அவர் படித்த காலத்திலும் இருந்திருக்கும். இந்த நாவல்களிடம் எனக்கு இருக்கும் குறை இங்கேதான் வருகிறது. பல கதைகளில் பெரியவர்கள் ஒன்று கொடியவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாயகனோ நாயகியோ யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் தனியாகக் கிளம்பிவிடுவார்கள். நிஜத்தில் திங்கட்கிழமை காலை அதே வகுப்புக்கு, அதே மிஸ் முன்னால் போய் உட்கார வேண்டும். அதற்கு எந்த நாவலிலும் அத்தியாயம் இல்லை. அதை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தனியாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க, சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பது. குழந்தைகூடச் சொல்லிவிடும். அறையில் இருந்த மற்ற எல்லாரும் அவருடைய ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, கண் எதிரே இருப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலையே தாங்களும் சொன்னார்கள். பக்கத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அப்படி விட்டுக்கொடுப்பது கிட்டத்தட்டக் கால்வாசியாகக் குறைந்தது. அந்த ஒருவர் பெரிய வீரராக இருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும்.

நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளியில் படித்த பிஜோ, பினு மோள், பிந்து என்ற மூன்று உடன்பிறப்புகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக தேசிய கீதத்தைப் பாடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எல்லாரோடும் எழுந்து மரியாதையாக நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, எழுந்து நின்றதே மரியாதைதான், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று தீர்ப்பளித்து, மூவரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. கத்தவில்லை, யாரையும் அவமதிக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து நின்றார்கள், பின்னால் பெற்றோர் நின்றார்கள்.

உங்கள் மகளும் கத்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? தன் பெயரை எழுதியதில் ஒரு நேர்மை இருக்கிறது. பொய்யாகக் காலி போர்டை விட்டுவிட்டு ‘யாருமே பேசலை மிஸ்’ என்றிருக்கலாம். என்னைப் போலத் தேன்மிட்டாய் வாங்கியிருக்கலாம்.

கடிதத்துக்கு வருகிறேன். மன்னிப்பை மொத்தமாகக் கேட்கவும் வேண்டாம், மொத்தமாக மறுக்கவும் வேண்டாம். அவளோடு உட்கார்ந்து, உண்மையாகவே எதற்கு வருத்தப்படுகிறாய் என்று கேளுங்கள். ஒன்றாவது இருக்கும். என் கண்ணுக்குத் தெரிவது இது: எழுத முடியாது என்று சொன்னதில் தப்பில்லை, ஆனால் மிஸ் சொன்ன அந்த நிமிடமே அதைச் சொல்லியிருக்கலாம். சரியென்று தலையாட்டிவிட்டு, அப்புறம் எல்லார் முன்னாலும் அவரைத் திகைக்க வைத்துவிட்டாள். எனவே கடிதம் ஏறக்குறைய இப்படி வரலாம்: ‘மிஸ், நீங்கள் சொன்னபோதே என்னால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டு உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு வருந்துகிறேன். கூடப் படிக்கிறவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. வகுப்பை அமைதியாக வைத்திருக்க வேறு வேலை கொடுத்தால் செய்கிறேன்.’ இதைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அப்புறம் இதுவும் அந்த ஊர் மன்னிப்பாகிவிடும். அவளுடைய வாக்கியத்தில், எழுத்துப் பிழையோடு இருந்தாலும், அவளே எழுதட்டும்.

லீடர் பொறுப்பு திரும்ப வராமல் போகலாம். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்லபடியாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வைத்து அனுப்பினால், சரியாகாதபோது உங்கள் மேல்தான் கோபம் வரும்.

மிஸ்ஸை நீங்கள் போய்ப் பாருங்கள், மகளில்லாமல், மதிய இடைவேளையில். முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும். வகுப்பின் சிரமத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் அந்த இரண்டு பீரியட் விஷயத்தை நிதானமாக எடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சலுக்கு உள்ளாக்குவதையும் தடுக்கிறது. சட்டப் பிரிவை முதல் வாக்கியத்திலேயே வீச வேண்டாம். “இரண்டு பாடம் போயிருச்சே மிஸ், இனி இப்படி வெளியே நிறுத்தாதீங்க” என்று கேட்டாலே பெரும்பாலும் காரியம் நடக்கும். நடக்காவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், அப்போது பிரிவு எண்ணையும் சேர்த்து. முடிந்தால் அதே வகுப்பின் இன்னொரு தாயையும் கூட அழைத்துப் போங்கள். ஆஷின் கோடுகள் பெரியவர்களுக்கும்தான்.

உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு விஷயம். ‘பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்’ என்று மட்டுமே பழக்கிய பிள்ளை, தப்பான எண்ணத்தோடு ஒரு பெரியவர் கூப்பிடும்போதும் கேட்டுக்கொண்டுதான் நிற்கும். ‘மாட்டேன்’ என்ற சொல் அந்த நேரத்தில் மட்டும் திடீரென்று வாயில் வராது. தினசரிச் சின்ன விஷயங்களில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பள்ளிகளில் எழுதிப் போட்டிருக்கிறோம். அந்த எண்ணை அழுத்துகிற தைரியம் எங்கிருந்து வரும்? பாட்டிக்கு இது உடனே புரியும், அநேகமாக உங்களைவிட நன்றாகப் புரியும்.

புத்தகங்களை ஒளித்து வைக்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இதைப் படிப்பறிவில் சொல்லவில்லை, பட்டறிவில் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பெற்றோர் இதே வகை நாவல் ஒன்றைப் பற்றிப் புகார் கொடுத்தார். நிர்வாகத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுவாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, “மிஸ், நான் பாதி படிச்சிருந்த புக்கைக் காணோமே?” என்றான். ‘பைண்டிங்குக்குப் போயிருக்கு’ என்றேன். அவன் வாரா வாரம் வந்து, பைண்டிங் முடிந்ததா என்று கேட்டான். வருடம் முடியும் வரை கேட்டான். நானும் அதே பொய்யைச் சொன்னேன். அடங்கிப் போவதைப் பற்றிய புத்தகத்தை, அடங்கிப் போய்ப் பூட்டி வைத்தவள் நான். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, மீதிப் பாதியை எங்காவது படித்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எடுத்து வைப்பதற்குப் பதில் நீங்களும் படியுங்கள். ‘தி கிவ்வர்’ சின்னப் புத்தகம், 23 அத்தியாயம்தான். ஆங்கிலம் எளிமையானது. கீழ்ப்படியாமையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டுப் பத்தொன்பதாவது அத்தியாயத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். அந்த ஊரில் முதியவர்களையும் நலிந்த குழந்தைகளையும் ‘விடுவிப்பார்கள்’. அந்த நல்ல சொல்லுக்கு அர்த்தம் என்ன என்பது அங்கேதான் வெளிப்படும், ஒரு பச்சைக் குழந்தையின் மேல், பாசமுள்ள ஓர் அப்பாவின் கையால். ஒரு பெண் தன்னையே ‘விடுவித்துக்கொள்ளும்’ கதையும் அதையொட்டி வருகிறது. பெரியவர்களுக்கே இரண்டு நாள் மனசு சரியாக இருக்காது. அவள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாளா என்று கேளுங்கள். தாண்டியிருந்தால் அதைப் பற்றி யாரிடமாவது பேசினாளா என்றும் கேளுங்கள்.

அடுத்து என்ன கொடுக்கலாம் என்றால், ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ கொடுக்கலாம், தமிழிலும் கிடைக்கிறது. அதில் பாக்ஸர் என்ற குதிரை எதற்கெடுத்தாலும் இன்னும் கடுமையாக உழைப்பேன், தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் குதிரைக்கு நேர்வதைப் படித்துவிட்டு என் நூலகத்தில் அழாத பிள்ளை குறைவு. அவருடைய ‘1984’ இப்போது வேண்டாம், பதினாறு பதினேழு வயது ஆகட்டும். அதில் சித்திரவதை இருக்கிறது, அதைவிட முக்கியமாகத் தப்பிக்கும் வழியே இல்லை. பதின்மூன்று வயதுக்குக் கதையில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

‘தி கிவ்வர்’ நாவலில் அந்த ஜன்னல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பையன் பனியில், சறுக்கு வண்டியில், கைக்குழந்தையோடு மலைச்சரிவில் இறங்குகிறான். தூரத்தில் விளக்குகள், பாட்டுச் சத்தம். அவ்வளவுதான், கதை முடிந்துவிடும். உங்கள் மகள் படித்து முடித்ததும் ஓடிவந்து “அம்மா, அவன் செத்துட்டானா, பொழைச்சுட்டானா?” என்று கேட்பாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதே வரிசையில் இன்னும் மூன்று நாவல்கள் உண்டு, கடைசியாக வந்தது 2012-ல். பதில் அவற்றில் கிடைக்கும். ஆனால் உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரமாவது அவள் என்ன நினைக்கிறாள் என்று அவளையே பேச விடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், மாமியாரும் கணவரும் இருக்கும்போது.